நல்லதண்ணிக் கிணற்றில் விழுந்த நுரை

நெடுந்தீவில், ஒரு குறிச்சி முழுவதும் குடிக்கிற நல்ல தண்ணீர்க் கிணற்றில் என் வாய் எச்சிலை விழுத்தினேன். அந்தப் பழி ஒரு பெண்ணின் வீட்டின்மேல் விழுந்தபோது பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இதைவிட நீட்டிச் சொன்னால் நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிடுவேன். ஆனாலும் நீட்டித்தான் சொல்லப் போகிறேன். ஏனென்றால் அந்தக் குற்றத்தோடு ஒரு அற்புதமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது... ஒன்றைப் பிய்த்து மற்றதைக் காட்ட என்னால் முடியவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்கு அடுத்த வருடம். கண்டிப் பக்கம் பல்வைத்தியம் படித்துக்கொண்டிருந்த நான், உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணத்துக்கு ஓடிவந்து, படிப்பு மறுபடி தொடங்குமா தொடங்காதா என்று வீட்டில் குந்தியிருந்தேன். அப்பாவின் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது. ஜேர்மனியிலிருந்த மச்சான் ஒரு நைலோன் முதுகுப்பை அனுப்பியிருந்தான். பையோடு, வெள்ளைக்காரர் மலைகளில் நடப்பதைப் பற்றிய ஒரு பழைய சஞ்சிகையும் வந்தது.

அந்தச் சஞ்சிகை என்னைப் பிடித்துக்கொண்டது. பாரம் குறைந்தவனே தூரம் போவான் என்பது அவர்களுடைய வேதம். நானும் அதற்குத் தீட்சை பெற்றேன். ஒரு சாரம், ஒரு துவாய், ஒரு சேட்டு. பல் துலக்கும் பிறஸ்ஸின் பிடியைப் பாதியில் அரிந்து எறிந்தேன். பற்பசையைக் குழாயோடு சுமப்பது மடைமை என்று, புகைப்படச் சுருள் வருகிற சின்ன டப்பாவுக்குள் பிதுக்கி அடைத்தேன். குடிக்கும் பேணியை எடுத்துப் பைக்குள் வைத்தேன், யோசித்தேன், வெளியே வைத்தேன். கை இருக்கும்போது பேணி எதற்கு?

அந்தப் பேணி மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்கமாட்டேன்.

பல் விஷயத்தில் எனக்கு அப்போது ஒரு வெறி இருந்தது. படிப்பு அரைகுறையில் நின்றவனுக்குத்தான் அது கூடுதலாக இருக்கும். இரவு ஒரு முறை, காலை ஒரு முறை. தவறினால் வாய்க்குள் கிருமிகள் ஊர்வலம் போவதாகவே தோன்றும். தீவுகளெல்லாம் நடந்து பார்ப்பது என்று புறப்பட்டவன், மண்கும்பான் கடற்கரையில் படுத்தெழும்பிய காலையிலும் கடலைப் பார்த்தபடி பல் துலக்கினேன். நுரையைக் கடலில் துப்பினேன். அவ்வளவு பெரிய கடல்! எது துப்பினாலும் வாங்கிக்கொள்ளும் என்ற எண்ணம் அங்கேதான் எனக்குப் பழகியிருக்க வேண்டும்.

நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டு, மடத்தில் சாப்பிட்டு, நெற்றி நிறைந்த திருநீற்றோடு நெடுந்தீவுக்குப் படகேறினேன். படகில் ஒருவரும் என்னோடு பேசவில்லை. முதுகில் பையோடு தனியாக வருகிற இளைஞனை அந்த நாளில் எல்லோரும் ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். நேவிக்காரன் கண்டால் ஒரு சந்தேகம், ஊர்ச்சனம் கண்டால் இன்னொரு சந்தேகம்.

இறங்கு துறையில் என்னை மறித்தவர் மயில்வாகனத்தார். ஐம்பது வயதிருக்கும். மாடும் காணியும் உள்ளவர். அந்தக் குறிச்சி அம்மன் கோயிலுக்கும், கோயிலுக்குத் தண்ணீர் கொடுக்கிற கிணற்றுக்கும் சொந்தக்காரர்.

“தம்பி எவ்விடம்? ஆரைத் தேடி வந்தனீர்?”

“ஒருத்தரையும் தேடி இல்லை, அண்ணை. நயினாதீவுக்கு நடந்து வந்தனான். அப்பிடியே இங்கையும் பாத்திட்டுப் போவமெண்டு.”

அவர் என் நெற்றியைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மறுபடி நெற்றியைப் பார்த்தார்.

“நடந்தோ? அப்ப விரதமோ?”

நான் விரதமில்லை. விரதம் என்ற நினைப்பே எனக்கில்லை. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்தது உங்களுக்குத் தெரிகிறதா? ‘ஓம்’ என்றால் நான் யார், எந்த இயக்கம், எதற்கு வந்தேன் என்ற கேள்வியெல்லாம் அத்தோடு தீர்ந்துபோகும்.

“ஓம், அண்ணை.”

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என் பையைத் தானே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவர் வீட்டில் எனக்குப் புதுப்பாய் விரித்தார்கள். காய்ச்சிய பாலும் வாழைப்பழமும் பனங்கட்டியும் தந்தார்கள். கோயிலில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. வீடு தேடி ஒரு விரதகாரர் வந்ததை அவர்கள் அம்மன் அனுப்பியதாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் பனங்கட்டியைக் கடித்து உறிஞ்சியபடி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன்.

படுக்கப் போகுமுன் மயில்வாகனத்தார் சொன்னார்:

“விடியப் பல்லு விளக்க மாவிலை பிடுங்கி வைக்கச் சொல்லுறன். விரதகாரருக்கு வேறை என்ன சொல்ல, உமக்குத் தெரியும்தானே.”

எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் விரதம் பிடிப்பவர் பல்லுக்குச்சியோ பிறஸ்ஸோ வாயில் வைப்பதில்லை. ஈறு கிழிந்து இரத்தம் கசிந்தால் விரதம் போய்விடும் என்பார்கள். மாவிலையால் துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வாய் கொப்பளிப்பதோடு சரி. என் அம்மாவும் அப்படித்தான். பல்வைத்தியம் படிக்கப் போன பிறகு அதற்காக அம்மாவைக் கேலி செய்திருக்கிறேன்.

இரவு முழுதும் பனங்கட்டி என் பல்லிடுக்கில் இருந்தது.

கிழக்கு வெளிக்கத் தொடங்கியதும், ஒருவரும் எழும்புமுன், பிறஸ்ஸையும் டப்பாவையும் சாரத்து மடியில் செருகிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

அந்தக் கிணற்றை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சுற்றிவரக் கடல். கடலுக்குள் தட்டையாய் ஒரு கற்பாறைத் தீவு. அநேகமாக எங்கே தோண்டினாலும் உவர். அந்த இடத்திலோ, ஒரு ஆள் உயரம்கூட இல்லாத குழிக்குள், இளநீரைப் போல் தண்ணீர். ஒரு பக்கம் கற்படிகள் இறங்கும். சுற்றிவரக் கடற்கல்லை அடுக்கிய மதில். ஆவணி மாதத்து வறட்சியில் தீவே வெந்து கிடக்கும்போதும் அது மட்டும் கீழே கண் விழித்திருந்தது.

மதிலுக்கு வெளியே வரிசையாகக் குடங்கள். அவை கடற்கரைக் குறிச்சியாட்களுடையவை. மீன்பிடித்துப் பிழைக்கிற கத்தோலிக்கச் சனங்கள். அந்த வருடம் அவர்களுடைய கிணறு உவர்த்துப்போக, மயில்வாகனத்தார் மனமிரங்கி இங்கே அள்ள விட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: விடியக் கோயிலுக்கு முதற்குடம் எடுத்த பிறகுதான் அவர்கள் மதிலுக்குள் வரலாம். முதல் நாள் மாலையே குடங்களை வைத்துவிட்டுப் போய், கோயில் மணி கேட்டதும் வருவார்கள். இவ்வளவையும் இரவு அவரே எனக்குச் சொல்லியிருந்தார், கொஞ்சம் பெருமையோடு.

பேணி இல்லை. படியிறங்கி, கடைசிப் படியில் குந்தி, கையால் அள்ளி வாயை நனைத்தேன். துலக்கினேன். துப்புவதற்கு மேலே ஏறிப் போவதாகத்தான் இருந்தேன்... சத்தியமாக அப்படித்தான் இருந்தேன். நம்புவீர்களோ தெரியாது.

அப்போது மூச்சு விடும் ஓசை கேட்டது.

நிமிர்ந்தேன். மதில் இடிந்திருந்த இடத்தில் ஒரு குதிரை. நெடுந்தீவின் மட்டக்குதிரைகளைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்; கண்டதில்லை. செம்மண் நிறம், எலும்பு தெரிகிற விலா, தாகத்தில் விரிந்த மூக்கு. ஒருவருக்கும் சொந்தமில்லாத ஒரு உயிர், என்னை ஒரு பொருட்டாகவே எண்ணாமல், எனக்கு அப்பால் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் வானம் சிவந்து வந்தது.

நான் வாயைப் பிளந்தேன்.

நுரை முழுவதும் தண்ணீரில் விழுந்தது.

குதிரை திரும்பிப் போய்விட்டது. நான் கையால் நுரையை அள்ளப் பார்த்தேன். அள்ள அள்ள அது உடைந்து பரவியது. வெள்ளையாய், பெப்பர்மின்ற் மணத்தோடு, கிணற்றின் விளிம்புவரை போனது. கலக்கினால் மறையும் என்று கலக்கினேன். இன்னும் நுரைத்தது. யாரோ வீட்டுப் படலைக் கதவைத் திறக்கும் ஓசை கேட்டது. இடிந்த மதிலால் ஏறி, குதிரை போன வழியே ஓடினேன்!

சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எனக்காக வைத்திருந்த மாவிலையை எடுத்துப் பல்லைத் துடைத்தேன். முற்றத்தில் நின்று, எல்லோரும் காண, வாய் கொப்பளித்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்; இதை விட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை.

மயில்வாகனத்தார் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தார். கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாயிருந்திருக்கும்.

“ஆரோ கிணத்துக்கை வாய் கொப்பளிச்சிருக்கினம். பேஸ்ட் மணம் வருது. சாமிக்கு அள்ளுற தண்ணி...” என்று சொல்லிவிட்டுக் குந்தி இருந்துவிட்டார்.

சனம் கூடியது. அந்தக் குறிச்சியில் கரி, உப்பு, வேப்பங்குச்சி, இவைதான் எல்லோருக்கும். பற்பசை உள்ள வீடு எது என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்கவில்லை. கடற்கரைக் குறிச்சியிலிருந்த பிலோமினாவின் தம்பி நீர்கொழும்பிலிருந்து ஓடிவந்திருந்தான். வரும்போது பற்பசை கொண்டுவந்ததை எல்லோரும் அறிவார்கள். பிலோமினாவின் குடங்களோ மதிலோரம் முன்னுக்கே இருந்தன.

கோயில் மணி கேட்காததால் விசாரிக்க வந்த பிலோமினா மதிலுக்கு வெளியே நின்றாள். முப்பது வயதுக்கு மேலிருக்கும். வெயிலில் கறுத்த நெடிய உருவம். தலையில் சும்மாடு.

“ஐயா, கோயில் குடம் எடுக்க முன்னம் நாங்கள் ஒரு நாளும் உள்ளுக்கை வாறேல்லை. மாதா அறிய. என்ரை தம்பி நேற்று ராத்திரியே தொழிலுக்குப் போனவன், இன்னும் கரைக்கு வரேல்லை.”

“நீ செய்தனீ எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை. ஆனா பேஸ்ட் வானத்தாலை விழாது. இது சாமிக் காரியம். நான் என்ன செய்ய?”

அந்த நேரம் நான் எங்கே நின்றேன் தெரியுமா? மயில்வாகனத்தாருக்கும் கோயில் ஐயருக்கும் நடுவில். என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். கூட்டத்தில் ஒரு கண்கூட என் பக்கம் சந்தேகத்தோடு திரும்பவில்லை. விரதகாரன் வாயில் பற்பசை எப்படி வரும்? என்னுடைய பொய்க்கு அவர்களுடைய பக்தியே காவல் நின்றது.

கிணற்றை முழுதாக இறைத்து, மஞ்சள் நீர் தெளித்து, புது ஊற்று வரவிட்டு எடுப்பது என்று ஐயர் சொன்னார். ஆண்கள் பனையோலைப் பட்டைகளோடு இறங்கினார்கள். நானும் இறங்கினேன். எல்லோரையும்விட வேகமாக இறைத்தேன். ‘பாருங்கோ, விரதத்தோடை வந்த பிள்ளை’ என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கை கொப்பளித்தது. அது எனக்கு ஒரு சுகமாய்க்கூட இருந்தது.

இறைத்த தண்ணீரை மதிலுக்கு வெளியே வீசினோம். காய்ந்த கல் சர்ரென்று குடித்தது. ஆடுகள் ஓடிவந்து ஈரக் கல்லை நக்கின.

பிலோமினா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

“ஐயா, எறியிற தண்ணியை எங்கடை குடத்துக்கை ஊத்தச் சொல்லுங்கோவன்.”

மயில்வாகனத்தார் திகைத்துப்போனார். “எச்சில் தண்ணி எண்டு தெரிஞ்சும் கேக்கிறாய்?”

“உங்களுக்குத்தான் ஐயா அது எச்சில். எங்களுக்கு உது தண்ணி.”

அவர் குடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விளிம்பில் நின்றவன் நான்தான். என் பட்டையில் இருந்ததை மதிலுக்கு மேலாக அவள் குடத்தில் ஊற்றினேன்.

குடம் பாதி நிறைந்ததும் அவள் கையைக் குவித்து நீட்டினாள். அதிலும் ஊற்றினேன். குடித்தாள். முதல் நாள் மாலையிலிருந்து அவள் வீட்டில் நல்ல தண்ணீர் இல்லை என்று பிறகு அறிந்தேன். ஒரு சொட்டு சிந்தாமல், கண்ணை மூடிக்கொண்டு, என் வாயிலிருந்து விழுந்ததை அவள் குடித்தாள்... என் உடம்பு முழுதும் புல்லரித்தது. அருவருப்பு என்று நினைக்கிறீர்களா? இல்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே, அது.

கண்ணைத் திறந்தவள் என்னை நேரே பார்த்தாள். எங்கள் இருவருக்கும் நடுவே மதிலின் அகலம்தான். மாவிலையால் எவ்வளவு துடைத்தாலும் பெப்பர்மின்ற் மணம் போகாது. நான் மூச்சை அடக்கினேன்.

“தம்பி விரதமெண்டு சொல்லிச்சினம்,” என்றாள் மெதுவாக.

“ஓம்.”

“எவ்வளவு நாளைக்கு?”

“திருவிழா முடியுமட்டும்.”

அவள் குடத்தைத் தூக்கினாள். இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். பிறகு நின்று சொன்னாள்:

“கோயில்லை எங்கடை தண்ணிக்காகவும் ஒருக்கால் கும்பிடுங்கோ.”

அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் கேட்டாளா? தெரிந்திருந்தால் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? தான் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று கணக்குப் போட்டாளா? அல்லது ஒன்றுமே தெரியாமல், ஒரு விரதகாரனிடம் கேட்பதுபோல உண்மையாகவே கேட்டாளா? எனக்கு எது அதிகம் வலிக்கும் என்று இன்றுவரை தெரியவில்லை.

வெயில் உச்சிக்கு வரும்போது கிணறு வற்றியது.

இனி நான் சொல்லப் போவதுதான் எனக்குச் சொல்ல வெட்கமானது. இதுவரை சொன்னதல்ல.

அடித்தளம் தெரிந்தது. வெள்ளை வெளேரென்ற சுண்ணாம்புக் கல். வரலாறு அறியாத ஒரு காலத்துச் சிப்பிகள் அதில் பதிந்து கிடந்தன. எல்லோரும் மேலே ஏறிவிட்டார்கள். நான் மட்டும் கடைசிப் படியில் நின்றேன். பேச்சு அடங்கியது. ஆடுகள்கூடச் சத்தமில்லை. கல்லின் நடுவே ஒரு வெடிப்பு, நகம் நுழையும் அளவுதான். அதன் வாயில் ஒரு துளி வந்து நின்றது.

அது விழவில்லை, ஓடவில்லை. கல்லுக்குள்ளிருந்து பிறந்து, தயங்கி, ஒளி பட்டு நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு வெடிப்பு முழுவதும் நனைந்து, மெல்லிய கண்ணாடித் தகடுபோலத் தண்ணீர் விரிந்தது. ஓசையே இல்லை. கூப்பிடு தூரத்தில் கடல் இரைந்துகொண்டிருந்தது, உப்பாய், கரையில்லாமல். இங்கே அதன் மடிக்குள்ளேயே, அதற்குத் தெரியாமல், உப்பே அறியாத ஒரு நீர் ஊறி ஊறி வந்தது. யார் இதை இங்கே வைத்தார்கள்? எந்த மழை? எத்தனை ஆயிரம் வருடத்துக்கு முந்திய மழை? என் எச்சிலை வெளியே எறிந்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோல அது மறுபடி வந்தது!

கை தானாகக் கூப்பிக்கொண்டது. மேலே மயில்வாகனத்தார் ‘அம்மாளாச்சி’ என்று முனகியது கேட்டது. நான் அழுதேன். அது குற்ற உணர்ச்சியில் வந்த அழுகை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய். அது ஆனந்தம். அந்த நேரம் பிலோமினாவின் நினைவுகூட எனக்கு இருக்கவில்லை.

கிணறு வற்றாமல் ஊற்றைக் காண முடியாது. நான் துப்பாமல் கிணறு வற்றியிருக்காது. நான் உண்மை சொல்லியிருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள். அந்தப் படியில் நின்றிருக்கமாட்டேன். ஆகவே, என் வாழ்நாளில் நான் கண்ட மிக அழகான காட்சியை என் பாவத்தின் கூலியாகத்தான் வாங்கினேன். இன்றும் கண்ணை மூடினால் அந்தத் துளிதான் முதலில் வருகிறது. அவள் பிறகுதான் வருகிறாள். இந்த வரிசையை மாற்ற நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன்...

தண்ணீர் ஒரு சாண் ஏறியதும் மயில்வாகனத்தார் குடத்தை என்னிடம் நீட்டினார்.

“விரதகாரர் நீர். முதற்குடத்தை நீரே எடும், தம்பி.”

எடுத்தேன். தோளில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். ஐயர் அதை வாங்கி அம்மன் தலையில் ஊற்றினார். கருங்கல்லின் மேல் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு, ஏதாவது நடக்கும் என்று காத்து நின்றேன். விளக்கு அணையவில்லை. கல் வெடிக்கவில்லை. பூசை முடிந்தது. எனக்குப் பரிவட்டம் கட்டினார்கள். அவள் கேட்டபடி அவள் தண்ணீருக்காகக் கும்பிட்டேனா என்று கேட்கிறீர்களா? என் பெயர் வெளிவரக்கூடாது என்று கும்பிட்டேன்.

அன்று மாலை தீர்ப்பு வந்தது. மாரி மழை பிறக்கும்வரை கடற்கரைக் குறிச்சியாட்கள் அந்தக் கிணற்றடிக்கு வரவேண்டாம். தீவின் தெற்கே இன்னொரு கிணறு உண்டு, அங்கே அள்ளட்டும். போய்வர அரைப்பொழுது. நிழல் என்று சொல்ல வழியில் ஒரு மரமில்லை.

மறுநாள் நான் படகுக்குப் புறப்பட்டேன். முன்னால், தெற்கே திரும்பும் முடக்கில், பிலோமினா போய்க்கொண்டிருந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். இரண்டும் வெறுங்குடம். என் முதுகுப்பை காற்றுப்போல இருந்தது. அவள் திரும்பினால் பேசுவேன் என்று எனக்குள் பந்தயம் கட்டிக்கொண்டு நடையை மெதுவாக்கினேன். அவள் திரும்பவில்லை. முடக்கில் அவள் தெற்கே போனாள். நான் துறைக்குப் போனேன்.

பிறகு படிப்பு மறுபடி தொடங்கியது. முடித்தேன். இன்று நான் பல்வைத்தியன். ‘கொப்பளிச்சுத் துப்புங்கோ’ என்று நாள் முழுதும் மற்றவர்களுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

ஒரு முறை திரும்பிப் போனேன். இந்தியாவோடு ஒப்பந்தம் வந்து, துவக்குச் சத்தம் ஓய்ந்திருந்த அந்தச் சில வாரங்களுக்குள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். மயில்வாகனத்தார் நரைத்திருந்தார். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். இடிந்த மதிலை உயர்த்திக் கட்டியிருந்தார். தகரப் படலை போட்டு, பூட்டும் போட்டிருந்தார். திறப்பு அவர் இடுப்பில் தொங்கியது. மாரி வந்து, போய், மறுபடி வந்து, மூன்று மாரி ஆகியும் அந்தத் தீர்ப்பு மட்டும் அப்படியே இருந்தது.

“பிலோமினா வீட்டுக்காரர்?” என்று கேட்டேன்.

“தண்ணிக்கு நடந்து நடந்து ஏலாமல், தெற்குப் பக்கம் குடிசையைப் பேர்த்துக்கொண்டு போயிட்டினம். அந்தக் கரையிலை தொழில் சரியில்லையாம். பாவங்கள்தான்.”

நான் சொன்னேன். நின்ற இடத்திலேயே, படலையைப் பார்த்தபடி சொன்னேன். “அண்ணை, அண்டைக்கு அந்தக் கிணத்திலை பேஸ்ட் நுரையை விழுத்தினது நான்தான். அவையள் இல்லை.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் கண் கலங்கியது. என் தோளில் கை வைத்தார்.

“தம்பி, உமக்குப் பெரிய மனசு. அவையளுக்காண்டிப் பழியை நீர் எடுக்கிறீர். ஆனா உப்பிடிப் பொய் சொல்லப்படாது, கண்டீரோ. விரதகாரன்ரை வாயிலை பேஸ்ட் ஏது?”

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: அண்ணை, நான் விரதமில்லை.

சொல்லவில்லை.

சொன்னால், அவர் வீட்டுப் பாலும் பழமும் பொய்யாகும். அவர் கட்டிய பரிவட்டம் பொய்யாகும். எச்சில் வாய்க்காரன் ஒருவன் அம்மனுக்கு முதற்குடம் சுமந்தான் என்று அந்த மனிதர் சாகும்வரை வெந்துகொண்டிருப்பார். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று வெகு காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். இப்போது அதுவும் அலுத்துவிட்டது. அவர் கண்ணில் நின்ற அந்தப் பிள்ளையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, உண்மை அதுதான். குற்றத்தைச் சொன்னேன், பொய்யை வைத்துக்கொண்டேன். அரைவாசி உண்மை என்னை முன்னையிலும் பெரிய மனிதனாக்கியது. படலை பூட்டியபடியே இருந்தது.

அவர் அதைத் திறந்து எனக்கு ஒரு செம்பு தண்ணீர் அள்ளித் தந்தார். குடித்தேன். அது முன்போலவே இனித்தது.

தெற்குப் பக்கம் நான் போகவில்லை. படகுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். நேரம் இருந்தது.

இன்று அந்தத் தீவுக்குப் போக வழியில்லை. கடல் ஒருவர் கையில், கரை இன்னொருவர் கையில். மயில்வாகனத்தார் இருக்கிறாரோ இல்லையோ... பிலோமினா எந்தக் கிணற்றில் அள்ளுகிறாளோ... ஒன்றும் தெரியாது. போகக்கூடிய காலத்தில் வைத்துக்கொண்டிருந்த அந்த மற்றப் பாதியை, போக முடியாத காலத்தில் உங்களிடம் கொட்டிவிட்டேன்.

உங்களிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பார்த்தீர்களா? அந்தப் படலையின் திறப்பு உங்கள் கையில் இல்லை. அதனால்தான் சொன்னேனோ என்னவோ.